கசக்காத வேர்

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைக் குடுவைக்காரி என்றுதான் சொல்வார்கள். ஆறு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. பனிமலையில் மட்டும் முளைக்கும் ஒரு காய்ச்சல் மூலிகையின் தளிர்த்துண்டைக் கண்ணாடிக் குடுவைக்குள் வளர்த்து, ஒன்றைப் பத்தாக்கி, பத்தை ஆயிரமாக்கி, வெயில் நிலத்துக்குப் பழக்குவது. அதன் வேரைக் கடித்தால் கசப்பில் நாக்கே மரத்துப்போகும். முதல் இரண்டு வருடம் பூஞ்சை பிடித்துத் தளிர்கள் குடுவை குடுவையாகக் குப்பைக்குப் போயின. அவள் சளைக்கவில்லை. நிழல்வலைக்குள் நாற்றுகள் தலைதூக்கியதும் முதல் தட்டுகளைத் தன் அண்ணனுக்கே கொடுத்தாள்.

"தைரியமா நடுண்ணா. நான் பாத்துக்கறேன்."

அண்ணன் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த காய்கறித் தோட்டத்தை அழித்துவிட்டு நட்டான். செடி இடுப்புயரம் வளர்ந்தது. மலையில்கூட அப்படி வளராது.

பதினான்காம் மாதம் அவள் அண்ணன் தோட்டத்து வேரைப் பரிசோதித்தாள். மருந்துச்சத்து அறவே இல்லை. மூன்று முறை பார்த்தாள், இல்லை. குளிரில் அல்லாடினால்தான் அந்த வேர் சத்தைச் சேர்க்கும்போல. இங்கே அது சொகுசு கண்டுவிட்டது.

இயக்குநர் முடிவைப் படித்துவிட்டு டிராயருக்குள் போட்டார். "அடுத்த மாசம் விழா இருக்கும்மா. இருநூறு விவசாயிங்க நாத்து வாங்க வர்றாங்க. அது முடியட்டும், பேசிக்கலாம்."

"சார், எங்க அண்ணன்..."

"வாயைத் திறந்தீங்கன்னா முதல்ல போறது உங்க வேலைதான்."

அவள் திறக்கவில்லை. வேலை போகும் என்ற பயம் பாதிதான். ஆறு வருட உழைப்பு பாழ் என்று ஒப்புக்கொள்ள அவளுக்கே மனசு வரவில்லை. விழாவில் நாற்றுகளைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அண்ணன் ஒரு வேரைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். "மருந்து கம்பெனிக்காரர் மென்னு பாத்துட்டுத் துப்பிட்டார். கசப்பே இல்லையாம். கொஞ்சம் டெஸ்ட் பண்ணிச் சொல்லேன்."

"பண்ணியாச்சுண்ணா."

"எப்ப?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

அண்ணன் கத்தவில்லை. "விழாவுல என் பக்கத்து நிலத்துக்காரனும் வாங்கினானே," என்றான். "என் தோட்டத்தைப் பாத்துட்டுத்தான் வாங்கினான்."

வேரை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை, விழாவில் நாற்று வாங்கிய இருநூறு பேருக்கும் அவள் வரிசையாகப் போன் செய்து, நட வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினாள். சிலர் ஏற்கெனவே நட்டிருந்தார்கள். பலர் அவளைத்தான் திட்டினார்கள். மூன்றாம் நாள் இயக்குநர் ஆளனுப்பி அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். மிச்சப் பேருக்கு வீட்டிலிருந்து பேசினாள்.

கடைசியாக அண்ணனுக்கு அடித்தாள். எடுத்தது அண்ணி.

"அந்தச் செடியையெல்லாம் உழுது அழிச்சுக்கிட்டு இருக்காரு. நீங்க கூப்பிட்டா இல்லைன்னு சொல்லச் சொன்னாரு," என்றாள் அண்ணி. பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.