நேரில் வரவும்

என் பெயர் ஸ்தோய்கோ. எங்கள் பல்கேரிய மொழியில் 'நிற்கிறவன்' என்று அர்த்தம் வரும். பதினைந்து வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தேன். ஒருநாள் லிஃப்ட் குழிக்குள் விழுந்து முதுகுத்தண்டு முறிந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. பெயரை மட்டும் யாரும் மாற்றச் சொல்லவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கற்றுத்தர நகரத்தில் ஒரு மறுவாழ்வு மையம் உண்டு. மார்ச் முதல் தேதி எல்லோரும் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்பு வெள்ளை நூல் குஞ்சத்தைக் கட்ட அங்கே ஆறு மாதம் கற்றுத்தந்தார்கள். மார்ச் போன பிறகு என்ன செய்வது என்று கேட்டேன். அடுத்த மார்ச்சுக்குக் கட்டச் சொன்னார்கள்.

வேலையை நானே தேடிக்கொண்டேன். லிஃப்ட் கம்பெனியின் அவசரத் தொலைபேசி மேசை: உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடுவார்கள், நான் வழி சொல்ல வேண்டும். பயிற்சி முடித்ததாக மையத்தின் முத்திரை வைத்த தாளை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் வேலை எனக்கு, இல்லையென்றால் வேறொருவருக்கு. முத்திரை, வேலைவாய்ப்பு அதிகாரி தோன்காவின் கைப்பையில் இருந்தது. கைப்பை மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இரண்டு மாதமாக ஓடவில்லை.

கீழிருந்து போன் செய்தேன்.

"நேர்ல வரணும்ப்பா. விதி அப்படி."

"லிஃப்ட் ஓடலையே மேடம். நீங்க இறங்கி வரக்கூடாதா?"

"எனக்கு முழங்கால் வலிப்பா. இத்தனை படி இறங்க முடியுமா? நீயே சொல்லு."

ஐந்து மணிக்கு அந்த முழங்கால் நன்றாகவே இறங்கும். வாசலில் மறித்தால், "ஆபீஸ் நேரம் முடிஞ்சுபோச்சே" என்பாள்.

வெள்ளிக்கிழமை, மையத்துக்குப் பணம் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து வில்லெம் என்பவர் பார்வையிட வந்தார். அன்று காலை லிஃப்ட் ஓடியது. நானும் ஏறப் போனேன். "விருந்தாளி போகட்டும், கூட்டம் போடாதே" என்றார் இயக்குநர் கனெவ். தோன்கா வில்லெமை மேலே கூட்டிப்போய்க் காட்டிவிட்டு அதிலேயே திரும்பினாள். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது லிஃப்ட் நின்றுவிட்டது.

கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி என் சாவிக்கொத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் லிஃப்ட் திடீரென்று நகராமலிருக்க, அதற்கு முன் உள்ளே நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். கதவின் கண்ணாடி வழியே கேட்டேன்: "சிவப்புப் பொத்தானை அழுத்திட்டீங்களா?"

வில்லெம் தலையை மேலும் கீழும் ஆட்டினார். தோன்கா இடமும் வலமும் ஆட்டினாள்.

"அவர் இல்லைங்கிறார், இவங்க ஆமாங்கிறாங்க" என்று கனெவ் கையைப் பிசைந்தார்.

"ரெண்டு பேரும் ஆமான்னுதான் சார் சொல்றாங்க. நமக்கு இடவலமா ஆட்டினா ஆமா. அவர் ஊர்ல மேலகீழ ஆட்டினாத்தான் ஆமா. இதுகூடத் தெரியாமலா விருந்தாளியைக் கூப்பிட்டீங்க?"

"சரிப்பா, சாவியைக் குடு."

கொடுத்தேன். கதவு திறந்தது. தோன்கா இறங்கக் காலை எடுத்தாள். வழியில் என் நாற்காலி நின்றது.

"நேர்ல வந்துட்டேன் மேடம்" என்று தாளை நீட்டினேன்.

விருந்தாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோளிலிருந்த கைப்பையைத் திறந்து, லிஃப்ட் சுவரில் தாளை வைத்தே முத்திரை குத்தினாள்.

வில்லெமுக்கு எங்கள் மொழியில் இருபது சொல் தெரியும். "உனக்கு... வேலை... கிடைத்தது?" என்று கேட்டார். சந்தோஷத்தில் தலையை இடமும் வலமும் பலமாக ஆட்டினேன். அவர் கண் கலங்கி, என் தோளைத் தட்டி, நோட்டில் எழுதிக்கொண்டார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். கொஞ்சம் முன்னால் கனெவுக்குப் பாடம் எடுத்த மேதாவி நான்தான்.

வேலையில் சேர்ந்த பத்தாம் நாள் கடிதம் வந்தது. எனக்கு வேலை கிடைக்காததால் வெளிநாட்டு நிறுவனம் அன்போடு இன்னும் ஆறு மாதம் குஞ்சப் பயிற்சி தருகிறதாம். பயிற்சிக் காலத்தில் வேறு வேலை பார்க்கக் கூடாதாம். மாத முடிவுக்குள் ரத்து செய்ய மூன்றாவது மாடிக்கு நேரில் வரவும்.

போனேன். லிஃப்ட் வாசலில் 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று பலகை வைத்திருந்தார்கள். திரும்பி வந்து என் மேசையில் உட்கார்ந்துகொண்டேன். அந்த லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் அவசர எண் என் தொலைபேசியுடையது. நேற்று மத்தியானம் மணியடித்தது.

"சீக்கிரம் யாராவது வாங்கப்பா, மாட்டிக்கிட்டேன்."

"பதறாதீங்க தோன்கா மேடம். ஆள் அனுப்பறேன். அவர் கையில பயிற்சியை ரத்து செய்யற தாள் இருக்கும். கைப்பை உள்ளதானே இருக்கு?"

தொலைபேசியில் தலையாட்டல் தெரியாது. அவள் வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்லும்வரை காத்திருந்தேன்.