மாமாவைக் கழித்தபின்

ஒரு இணையதளத்துக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எந்தப் பக்கத்தில் முகம் சுளித்துத் திரும்புகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. அதாவது, அடுத்தவர் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பது. இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் அக்கா இன்றுவரை நம்பவில்லை.

அப்படிப்பட்டவளே அன்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். கையைத் தூக்க முடியாதவர்களுக்காகத் தோளிலும் பக்கவாட்டிலும் திறக்கிற சட்டைகளைத் தைத்து இணையத்தில் விற்கிறாள். விற்பனை எறும்பு ஊர்கிற வேகம். பழைய தையல் ஆலையின் சூப்பர்வைசர் திரும்ப வேலைக்கு அழைத்திருந்தார். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"கடைய மூடவா, நடத்தவா? ஒண்ணு சொல்லுடா," என்றாள், வாயில் குண்டூசிகளோடு.

வெட்டுமேசையில் கணினியைத் திறந்தேன். விளம்பரத்தைத் தட்டி வந்தவர்கள் ஏராளம். வந்த வேகத்தில் ஓடியிருந்தார்கள்.

"வீடு மாறி வந்துட்டவங்க மாதிரில்ல ஓடுறாங்க?"

"அதேதான்க்கா. சும்மா கூட்டம்."

ஆனால் ஒரு கோஷ்டி மட்டும் தங்கம். யாரோ கைபேசியில் அனுப்பிய இணைப்பின் வழியாகத் தினமும் மதியம் வந்து, எல்லாப் பக்கங்களையும் பார்த்து, கடைசியில் ஒரு சட்டையைக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா! யோசிக்கிறாங்கடா. சீக்கிரம் வாங்கிடுவாங்க."

நான் அந்தக் கோஷ்டியை இன்னொரு முறை பிரித்துப் பார்த்தேன். எல்லாரும் ஒரே இடத்திலிருந்து, ஒரே சாப்பாட்டு நேரத்தில், ஒரே நீலச் சட்டையை ஒரே அளவில் எடுத்திருந்தார்கள்.

அக்காவின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர்; அவருடைய கம்பெனியும் அதே இடத்தில்தான். பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நல்ல குறட்டைதான், கொஞ்சம் அவசரமாக வந்தது.

"மாமா, உங்க சட்டை அளவு நாப்பத்திரெண்டா?"

குறட்டை நின்றது.

"ஏன் மாப்ளே?"

"தினமும் மத்தியானம் கடைக்கு வந்து போறீங்களே, அதான் கேட்டேன்."

வாசற்படியில் வந்து நின்று தலையைச் சொறிந்தார். "நான் மட்டும் இல்ல, எங்க ஆளுங்க எல்லாரும்தான். அவனவன் சாப்பிடுறப்ப போனை வாங்கி நானே தட்டி விட்டுடுவேன். உங்கக்கா தினமும் கடைக்கு வந்தவங்க எண்ணிக்கையப் பாத்துட்டுத்தான் கொஞ்சம் சிரிக்கிறா. அதுக்காக..."

அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அப்போ நிஜமா யாருமே வரலையா?"

திட்டியிருந்தால் தேவலை. நான் அவசரமாக மாமாவையும் அவருடைய படையையும் கணக்கிலிருந்து கழித்தேன். எண்கள் சரிந்தன. அடியில் சின்னதாக ஒரு வரி மிஞ்சியது. பிசியோதெரபி தரும் பெண் ஒருவர் தன் இணையப் பக்கத்தில் அக்காவின் சட்டைகளைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறார். அதைப் படித்து வந்தவர்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வந்தவர்கள் நின்றார்கள், படித்தார்கள், திரும்பத் திரும்ப வந்தார்கள். அத்தனை பேரும் ஒரே பக்கத்தோடு திரும்பிப் போயிருந்தார்கள். மாமாவின் ஆட்கள் அந்தப் பக்கத்தை அநாயாசமாகத் தாண்டிக் கூடைக்குப் போனதால் இது கண்ணில் படவே இல்லை.

"எந்தப் பக்கம்டா?"

"அளவெடுக்கிற பக்கம்."

அவளே வாய்விட்டுப் படித்தாள். "நேராக நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கவும்..."

நிறுத்தினாள்.

அளவெடுக்கையில் ஆயிரம் முறை சொல்லிப் பழகிய வாய். அவள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த மேதை, அடியேன்.

"கை தூக்க முடியாதவங்களப் போய்..." என்றாள். "ஒருத்தர் எத்தன தடவைடா வந்திருக்காரு?"

"நாலு."

"நாலு தடவையும் இதப் படிச்சுட்டுப் போயிருக்காரு. ஒவ்வொரு தடவையும் அவருக்கு எப்படி இருந்திருக்கும்!"

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அளவுநாடாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, இந்த நாற்காலில உக்காருங்க. கையத் தூக்கக் கூடாது. டேய், நான் சொல்றத எழுதிக்கோ. இந்தத் தடவ புத்தியோட எழுது."

மாமா பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்தார். அக்கா மண்டியிட்டு, முதுகுக்குப் பின்னால் நாடாவை விட்டு, கைக்கும் விலாவுக்கும் நடுவே மெல்ல இழுத்தாள். முதல் தடவை சிக்கியது. மறுபடி முயன்றாள்.

சூப்பர்வைசர் அழைத்தார். நான் கைபேசியை அவள் காதில் வைத்தேன்.

"இல்ல சார், வரல. இங்க ஆளுங்க ரொம்ப நாளா காத்துட்டிருக்காங்க."

"நான் இப்பத்தானே உக்காந்தேன்?" என்றார் மாமா.

"பேசாதீங்க," என்றாள் அக்கா, "மார்பளவு மாறுது."