துண்டுக்குள் பேசிய தாலுக்கா

வேப்பந்தட்டை பஞ்சநாதன் இருபது வருஷமாக மாட்டுத் தரகு பார்க்கிறவர். வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமலே மாட்டுக்கு வயசு சொல்வார். விற்கிறவன் முகத்தைப் பார்த்தே அவன் வீட்டில் என்ன செலவு வந்திருக்கிறது என்று சொல்வார். "என்னை ஏமாத்த ஒருத்தன் இனிமேதான் பொறந்து வரணும்" என்று டீக்கடையில் பலமுறை அறிவித்திருக்கிறார்.

அவன் எப்போதோ பிறந்துவிட்டான். வளர்ந்து, கழுத்தில் டை கட்டி, அரியலூரில் ஒரு செல்போன் கடை மாடியில் ஆபீசும் போட்டு உட்கார்ந்திருந்தான். பெயர் பிரசாத். வாசலில் பேனர்: 'வோல்ட் ராஜா! 21 நாளில் எலக்ட்ரீசியன்! தாலுக்காவுக்கு ஒரே முதலாளி!'

இப்போதெல்லாம் மாட்டைக்கூட வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறார்கள். தரகருக்கு டீக்காசு நிற்பதே பெரிய பாடு. பஞ்சநாதன் படியேறினார்.

"தாலுக்கா முழுக்க எந்த வூட்டுல ஃபேன் நின்னாலும் போன் எங்களுக்கு வரும். நாங்க உங்களுக்குத் தள்ளி விடுவோம். கீழ ஆள் போட்டுக்குங்க. நீங்க வேலை செய்ய வேணாம் சார், வேலை வாங்குனாப் போதும்" என்றான் பிரசாத். "ஒண்ணே முக்கால் லட்சம். ஃபிக்ஸட் ரேட்."

ஃபிக்ஸட் ரேட் என்ற சொல்லைக் கேட்டதும் பஞ்சநாதனுக்கு உடம்பெல்லாம் அரித்தது.

"தம்பி, கைய நீட்டுங்க" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டார். "ஒரு விரலு பத்தாயிரம். முழுக் கை அம்பது. துண்டுக்குள்ள பேசுன வெலைய வெளிய பேசக் கூடாது. வாங்குனவனும் சொல்லப்படாது, வித்தவனும் சொல்லப்படாது. அதான் சந்தை மொறை."

பிரசாத்தின் விரல்கள் வெண்டைப் பிஞ்சு மாதிரி இருந்தன. அரை மணி நேரம் பிடித்து, முறுக்கி, உதறி, கடைசியில் பதினோரு விரலுக்குப் படிந்தது. அறுபத்தஞ்சாயிரம் இறக்கிய சந்தோஷத்தில் பஞ்சநாதன், ரசீதில் தொகை போடக் கூடாது என்று அவரே சொல்லி, 'பேசிய தொகை ரொக்கமாகப் பெற்றேன்' என்று எழுத வைத்தார். இப்படி ஒரு ரசீதைப் பிரசாத் கனவிலும் கண்டதில்லை. எழுந்து நின்று கும்பிட்டான்.

பணம், மனைவி ராசாத்தியின் இரண்டு கறவை மாடு. அவள் கன்றிலிருந்து வளர்த்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றிக் குடும்பத்தை ஓட்டிய மாடுகள். விற்றதில் சுளையாக ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வந்தது. ராசாத்தியிடம் பஞ்சநாதன் சொன்னது வேறு.

"கம்பெனிக்கு நாப்பதுதான். மிச்சம் எழுபதைப் போஸ்ட் ஆபீசுல போட்டுட்டேன்."

"பாஸ் புக்கு எங்கங்க?"

"அது வரும்."

பயிற்சிக்குப் போன முதல் நாள், பிரசாத்தின் நாற்காலியில் ஒரு புதுத் துண்டு தொங்குவதைப் பார்த்தார். நம்மிடம் கற்றுக்கொண்ட மரியாதை என்று நெஞ்சு நிமிர்ந்தது.

பலகையில் ஸ்விட்ச் இருந்தது, ஹோல்டர் இருந்தது, சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இருந்தன. கரண்ட் மட்டும் இல்லை. பில் கட்டாமல் மாடிக்கு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள் என்று கீழே செல்போன் கடைக்காரர் சொன்னார். பிரசாத் அதையே வேறு மாதிரி சொன்னான்: "சேஃப்டி சார். கத்துக்கறப்ப ஷாக் அடிக்கக் கூடாதுல்ல?" இருபத்தோரு நாளும் எரியாத பல்பைப் பார்த்து "எரிகிறது" என்று நோட்டில் எழுதிவிட்டு, சர்டிபிகேட்டும் மஞ்சள் பனியனும் கழுத்து அட்டையும் வாங்கிக்கொண்டு பஞ்சநாதன் ஊர் திரும்பினார். அட்டையில் 'வேப்பந்தட்டை தாலுக்கா ஏக உரிமையாளர்' என்று இருந்தது.

முதல் வேலை பத்து நாள் கழித்து வந்தது. பூலாம்பாடியில் ரெங்கம்மாள் என்கிற அம்மாள் வீட்டில் ஃபேன் கிறீச்சிடுகிறதாம். பஞ்சநாதன் காலை ஒன்பதரைக்குப் போய் வண்டியை நிறுத்தினால், வாசலில் ஏற்கெனவே இரண்டு மஞ்சள் பனியன் நின்றுகொண்டிருந்தது. ஒருத்தன் உள்ளூர் மதுரைவீரன், ஆட்டு வியாபாரி. இன்னொருத்தர் ராசாங்கம், சோளத் தரகு. இரண்டு பேருமே வேறு வேறு மாதத்தில் பயிற்சி எடுத்தவர்கள். இரண்டு பேர் கழுத்திலும் அதே ஏக உரிமையாளர்.

"ஒரு ஃபேனுக்கு மூணு மொதலாளியா?" என்றாள் ரெங்கம்மாள். "சரி, யாரு கொறைச்சலு?"

"முந்நூறு" என்றார் ராசாங்கம்.

"எரநூறும்மா" என்றான் மதுரைவீரன்.

"நூத்தம்பது. ஆயில் இலவசம்" என்று பஞ்சநாதன் வாய் தன்னால் சொன்னது.

பத்தே நிமிஷத்தில் மூன்று பேருக்கும் சேர்த்து அறுபது ரூபாய் என்று ஆக்கிவிட்டு, ரெங்கம்மாள் கடலை உடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

மூவரும் ஃபேனைக் கழற்றினார்கள். துடைத்தார்கள், ஆயில் விட்டார்கள், மாட்டினார்கள். ஸ்விட்சைப் போட்டால் சுற்றவில்லை. மறுபடி கழற்றினார்கள். ரெகுலேட்டரைப் பிரித்தார்கள். ஸ்விட்ச் போர்டைப் பிடுங்கினார்கள். சந்தேகத்துக்குப் பக்கத்து ரூம் போர்டையும் பிடுங்கினார்கள். யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. பயிற்சியிலும் அடிக்காததால் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு மிக்சி ஓடியது.

"ஏப்பா, மாசாந்திர பவர் கட்டுல்ல இன்னிக்கு! காலைலேர்ந்து கரண்டே இல்ல. அது தெரியாமயா என் வூட்டப் பிரிச்சு வச்சிருக்கீங்க?"

மூன்று முதலாளிகளும் தரையில் பரப்பிக் கிடந்த ஃபேனைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தர் கழுத்து அட்டையை ஒருத்தர் படித்தார்கள். ரெங்கம்மாள் விளக்குமாறைத் தேடுவதற்குள் அரியலூருக்கு பஸ் ஏறினார்கள்.

மாடி பூட்டியிருந்தது. பிரசாத் வேறொரு புகாரில் முந்தின நாளே பிடிபட்டு ஸ்டேஷனில் இருந்தான். பணத்தில் பெரும்பகுதி அவன் பேங்க் கணக்கில் முடங்கியிருந்ததாம். அவன் டைரியில் யார் யார் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறான். அந்தத் தொகையும் புகாரில் சொல்கிற தொகையும் ஒத்துப்போனால் கோர்ட் மூலமாகத் திரும்பக் கிடைக்கும் என்று போலீஸ் சொன்னதாகக் கீழே செல்போன் கடைக்காரர் சொன்னார்.

மறுநாள் மூவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். "நாப்பதாயிரத்தை நானே கேட்டு வாங்கறேன்" என்று ராசாத்தியும் கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு குடுத்தீங்க?" என்றார் ரைட்டர் வெற்றிச்செல்வி.

"நீங்க மூத்தவரு, சொல்லுங்கண்ணே" என்றான் மதுரைவீரன், பஞ்சநாதனிடம்.

"இல்ல தம்பி, நீ சொல்லு."

"ராசாங்கம் அண்ணன் மொதல்ல சொல்லட்டும்."

மேலே ஃபேன் சுற்றியது. கால் மணி நேரம் ஆயிற்று. நாற்பது என்று எழுதினால் டைரியோடு ஒத்துப்போகாது, ஒரு காசு தேறாது. உள்ளதைச் சொன்னால் இருபது வருஷத் தரகு போச்சு, போஸ்ட் ஆபீஸும் போச்சு. பஞ்சநாதன் ராசாத்தியைப் பார்த்தார். அவள் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"மேடம், கைய நீட்டுங்க."

"யோவ், இது ஸ்டேஷன்யா."

"சந்தை மொறை மேடம். வாயால சொல்லப்படாது."

வெற்றிச்செல்வியின் அப்பாவும் சந்தைக்குப் போகிறவர்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினார். முழுக் கை, மறுபடி முழுக் கை, ஒரு விரல். மற்ற இருவரும் அப்படியே வரிசையில் வந்து துண்டுக்குள் சொல்லிவிட்டுப் போனார்கள். கௌரவம் பிழைத்தது என்று பஞ்சநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எழுதுனதைப் படிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கணும்" என்று வெற்றிச்செல்வி தாளை எடுத்து, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். "ராசாங்கம், நாற்பத்தைந்தாயிரம். மதுரைவீரன், எழுபதாயிரம். பஞ்சநாதன், ஒரு லட்சத்துப் பத்தாயிரம்."

எல்லாரையும்விடக் குறைவாகக் கொடுத்த பெருமையில் ராசாங்கத்துக்கு மீசை துடித்தது. "அண்ணே, நீங்களா!" என்றான் மதுரைவீரன். தான் இழந்த எழுபதாயிரத்தை அந்த நிமிஷம் அவன் சுத்தமாக மறந்துபோயிருந்தான்.

ராசாத்தி எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குன்னம் தாண்டியதும் அவர் தோளிலிருந்து துண்டை உருவி இரண்டு பேர் கைமேலும் போட்டு, அவருடைய இரண்டு விரலை இறுக்கிப் பிடித்தாள்.

"என்ன, இருவதாயிரமா?" என்றார் பஞ்சநாதன், ஈனக் குரலில்.

"ரெண்டு மாடு. கோர்ட்டுப் பணம் வந்த அன்னிக்கே. சந்தைக்கு நான் வரேன். வெலைய நான் சத்தமாப் பேசுறேன், நீங்க கயித்தப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க."

கையை இழுத்துப் பார்த்தார். பேரம் பிடிக்காவிட்டால் கையை விட்டுவிடுவது சந்தை முறை. ராசாத்திக்குச் சந்தை முறை தெரியாது. பெரம்பலூர் வரைக்கும் விடவில்லை.