உயிரோடிருப்பவளுக்கு ஒரு குருசு

பிளேடால் சுசீலாபாயின் கழுத்தோரம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பா கடைக்குள் வந்தார். பயந்துவிட வேண்டாம், போட்டோவில்தான். பாளையத்தில் ஞானையன் முதலாளியின் ஸ்டுடியோவில் பதினோரு வருஷமாக எனக்கு இதுதான் ஜோலி. போர்டில் ஆர்ட்டிஸ்ட் தாணுமாலையன் என்று எழுதியிருக்கும். முகம் ஒட்டுகிறவன் என்று எழுதினால் எவன் வருவான்?

ரோமுக்குப் போய்வந்த ஓர் அச்சன், கோயில் பாதிரியார், எழுபத்துமூன்றாம் வருஷம் ஒரு படம் கொண்டுவந்து கொடுத்தார். ஐரோப்பாவில் ஏதோ கோயில் பீடத்துக்காக நானூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ வரைந்ததன் அச்சு. நடுவில் சிலுவையில் ஏசு. கீழே, அதை வரையச் சொன்ன பணக்காரனும் பெண்டாட்டி பிள்ளைகளும் வரிசையாக முழங்கால் போட்டிருப்பார்கள். அந்த முகங்களின் மேல் நம்மூர்க் குடும்பத்தின் முகங்களை ஒட்டி, பெரிய கேமராவில் மறுபடி பிடித்து, பிரிண்ட் போட்டு, நான் கையால் கலர் கொடுப்பேன். வரிசையில் யார் கையில் சின்னச் சிவப்புக் குருசு, அதாவது சிலுவை, இருக்கிறதோ அவர் செத்தவர் என்று அச்சன் விளக்கம் சொல்லியிருந்தார். படம் வாங்கியவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். செத்த தகப்பனுக்கு ஒரு குருசு, பேறுகாலத்தில் போன தங்கைக்கு ஒரு குருசு. படம் வாங்காத வெளியாருக்கு இது தெரியாது.

சுசீலாபாயின் அப்பா ராஜையன் வித்துராவில் மிளகு வியாபாரி, கோயில் கமிட்டிக்காரர். எங்களுக்கு வரும் ஆர்டரில் பாதி அவர் வாய்வார்த்தையில் வருவது. மேசைமேல் குனிந்து மகளின் முகத்தில் விரல் வைத்தார்.

"இவளுக்க கையில குருசு வரணும், ஆர்ட்டிஸ்டே."

சுசீலாபாய் மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ் கண்டக்டர் வேலாயுதனோடு போய் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டது எல்லாருக்கும் தெரியும். பெண் உயிரோடு இருக்கிறாளே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கு செத்தாச்சு. நீ வரை."

மறுநாள் அவர் மனைவி ராகேல் தனியாக வந்தாள். மகளின் பெயரையே வீட்டில் சொல்லக் கூடாதாம். இந்த முகமாவது உள்ளே வருகிறதே என்று சந்தோஷப்பட்டாளாம், குருசு விஷயம் கேட்கும்வரை.

"தம்பி, படத்திலயாவது அவ உயிரோட இருக்கட்டு."

வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சாயம் ஒட்டிய என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

வியாழக்கிழமை ராஜையன் வந்தார். படத்தில் வெறுங்கையைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஞானையன் முதலாளி என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, வரையாவிட்டால் நாளைக்கு இந்த மேசை எனக்கில்லை. ரெண்டே இழுப்பு. சிவப்பு காயும்வரை ராஜையன் எழுந்திருக்கவில்லை. நான் கோழை, வேறென்ன சொல்ல? ராகேலுக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பக்கூட எனக்குத் துணிச்சலில்லை.

சனிக்கிழமை படத்தை எடுத்துப்போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் சுசீலாபாய் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த முகம், தெரியாமல் இருக்குமா? படத்தில் உன் முகமும் இருக்கிறது, அது வீட்டுக்கு வருமுன் போய்ப் பார்த்துக்கொள் என்று அம்மா ஆள் விட்டிருந்தாளாம். என் வார்த்தையை நம்பிச் சொல்லியிருக்கிறாள் அந்த மனுஷி.

சுவரில் சாய்த்திருந்த படத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். அப்பா, அம்மா, தம்பிமார் என்று குழந்தைக்கு ஒவ்வொருவராகக் காட்டினாள். பிறகு படத்தில் தன் கையைப் பார்த்தாள்.

"அப்பா எனக்கு மட்டும் குருசு தந்திருக்காரு."

சின்ன வயதில் வீட்டு ஜெபத்தில் குருசை அவள் கையில்தான் அவர் கொடுப்பாராம். மறக்கவே இல்லை பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் வாயைத் திறந்தேன். முதலாளி இருமினார். மூடிக்கொண்டேன்.

பர்சிலிருந்து குழந்தையின் போட்டோ ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எங்க வீட்டுக்கும் இதுபோல சின்னதா ஒண்ணு வேணும், அண்ணா. எனக்க மடியில இவள வையுங்க. இவளுக்க கையிலயும் ஒரு குருசு."

முதலாளி பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். குழந்தை எக்கி, என் மேசையில் மூடாமல் இருந்த சிவப்புக் கிண்ணத்தில் கையை வைத்துவிட்டது. சுசீலாபாய் சிரித்துக்கொண்டே முந்தானையால் துடைத்தாள். சாயம் போகவில்லை. எச்சில் தொட்டு மறுபடியும் துடைத்தாள்.