பந்துக்கு அப்புறம் மண்

எங்கள் வீடு கோல்ஃப் மைதானத்திலிருந்து பறந்து வந்து விழுந்த புல்தரைத் துண்டுகளால் ஆனது. முன்கூடம் வந்து விழுந்துவிட்டது. அடுக்களையும் விழுந்துவிட்டது. உள்ளறை மட்டும் இன்னும் விழவில்லை.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மைதானத்துச் சுவருக்கு வெளியே எங்கள் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான். உள்ளே ஆடுகிறவர்கள் இரும்பு மட்டையை ஓங்கி அடிப்பார்கள். பந்து ஒரு பக்கம் போகும். புல்லோடு ஒரு துண்டு மண் பெயர்ந்து எங்கள் பக்கம் வரும். அது விழுந்த இடத்தில் விடிவதற்குள் சுவர் முளைக்கும். நல்ல அடியாக இருந்தால் சன்னலும் சேர்ந்தே வரும்.

நான் மைதானத்துக்குள் வேலை பார்க்கிறேன். மண் பெயர்ந்த குழிகளில் மணலும் விதையும் கலந்து நிரப்ப வேண்டும். நிரப்பி நிரப்பி என் முதுகு தரையைப் பார்த்தே வளைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை என் மகள் செண்பகம் தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. உள்ளறை இல்லாமல் முடியாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிவிட்டாள். "பிள்ளைக்கு வந்து சேர ஒரு இடம் வேணும்மா. இல்லேன்னா வந்த வழியே திரும்பிப் போயிரும்." சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

புதன்கிழமை காலையில் மைதான வாசலில் ஒரு பலகை நின்றது. 'இரும்பு மட்டையால் அடிப்பவர்கள் மண்ணைப் பெயர்க்கக் கூடாது.' முதல் தடவை வாசித்தபோது எழுத்து கூடியது. இரண்டாவது தடவைதான் உள்ளறை இனி வராது என்று புரிந்தது.

பக்கத்து வீட்டு ரூபவதி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு மாடியே விழுந்திருந்தது.

"என்ன மைனி, பலகையத் தின்னுருவீகளா? அப்படிப் பாக்கீக."

"இனிமே மண்ணு வராதாம்ட்டி."

"எனக்கு வந்தாச்சு."

"உனக்கு வந்தாச்சு. என் மவ எங்க போவா?"

"எங்க மாடிப்படியில வேணா பெத்துக்கிடச் சொல்லுங்க. ஒம்பது படி இருக்கு. மாசத்துக்கு ஒண்ணு."

நான் செக்ரட்டரியைப் பார்க்கப் போனேன். ஆபீஸ் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. நான் நடக்க நடக்க நடுவில் புல்வெளி நீண்டது. ஒரு குளம் வந்தது. அது நேற்று இல்லை. அதைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது.

செக்ரட்டரி ஜெயசிங் சார் போன கோடையில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளராக மாறிவிட்டார். இடுப்புக்குக் கீழே குழாய். இடுப்புக்கு மேலே சட்டை, டை, முகம். நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றுவார். முகம் நம் பக்கம் வரும்போது நம்மிடம் பேசுவார். நனைந்துகொண்டே கேட்க வேண்டும். மற்ற நேரம் சுவரிடம் பேசுவார்.

"என்ன வேணும்?" என்றார்.

"உள்ளறை, சார்."

முகம் சன்னலுக்குப் போனது. காத்திருந்தேன். பீரோவுக்குப் போனது. கதவுக்குப் போனது. என்னிடம் வந்தது.

"மண்ணைப் பெயர்க்கக் கூடாதுன்னு முடிவு பண்ணியாச்சு."

"ஏன் சார்?"

சன்னல். பீரோ. கதவு. நான்.

"மைதானம் மெலிஞ்சிட்டு. போன வாரம் எடை போட்டுப் பாத்தோம்."

மூலையில் பல் டாக்டர் கோமதிநாயகம் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். பலகையை எழுதவைத்தவர் அவர்தான். அவர் ஆடும்போது மட்டை மண்ணில் படவே படாது. பந்தை மேலாக வழிப்பார், குழம்பில் எண்ணெயை வழிப்பதுபோல. அவர் பந்து முழங்காலுக்கு மேல் எழும்பினதில்லை.

"நாள் பூரா பிடுங்குதேன்மா," என்றார். "இங்க வந்தும் பிடுங்கணுமா? தரை என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஆனா பந்து போவலியே டாக்டர்."

"போவாட்டி என்ன? பக்கத்துலயே கெடந்தா தேட வேண்டாம்லா."

"என் மவளுக்கு வெள்ளிக்கிழமை..."

"வலிக்கா?"

"இன்னும் இல்ல."

"வலிச்சா வரச் சொல்லு. வாயை நல்லாத் திறக்கச் சொல்லு."

மேலெல்லாம் நனைந்து நின்றேன். அப்போதுதான் பிடிமண் ஞாபகம் வந்தது.

எங்கள் ஆட்கள் பிழைப்புக்காக வேறு ஊர் போனால், குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுபோவார்கள். அதை எங்கே வைக்கிறார்களோ அங்கே சாமி வந்துவிடும். ஆனால் நாமாக அள்ளக் கூடாது. கேட்க வேண்டும். கொடுத்தால் மடியில் வாங்க வேண்டும்.

"சார்," என்றேன். "தரைகிட்ட யாராச்சும் கேட்டீகளா?"

செக்ரட்டரி சுற்றுவதை நிறுத்தினார். தண்ணீர் நின்றது. அவர் முகம் பீரோவைப் பார்த்தபடி இருந்தது. பீரோவிடமே கேட்டார்.

"என்னன்னு கேக்கணும்?"

"பிடிமண்ணு வேணும்னு. பெயர்த்தாத்தான சார் தப்பு? கேட்டு வாங்குனா?"

டாக்டர் குடையை மடக்கினார். "ஒரு பல்லுகிட்டகூட நான் கேட்டதில்லை," என்றார்.

வெளியே வந்தோம். செக்ரட்டரியை நானும் டாக்டரும் குழாயோடு தூக்கிக்கொண்டோம். குளம் காணாமல் போயிருந்தது. நல்ல புல் இருந்த இடத்தில் அவரை நட்டுவைத்தோம். நான் மண்டிபோட்டு முந்தானையை விரித்தேன்.

"தாயீ, ஒரு பிடி மண்ணு வேணும். மவ வாரா."

தரைக்குப் பேச்சு புல் வழியாகத்தான் வர வேண்டும். அன்று காலையில்தான் புல்லைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். அதனால் பேச்சும் கட்டையாக வந்தது.

"பந்து மொதல்ல," என்றது. "நான் அப்புறம்."

"புரியல," என்றார் டாக்டர்.

"என்னைய மொதல்ல அடிக்காவ. நான் என்ன பந்தா?"

செக்ரட்டரி மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். கொஞ்சம் தண்ணீர் வந்தது. "அப்ப, பந்தை அடிச்ச பிறகு எடுக்கலாமா?"

"கேட்டு எடு. மெலிசா எடு. குழிய நெரப்பு." புல் என் பக்கம் சாய்ந்தது. "நெரப்புதது அவ. அவகிட்டயும் கேளு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். செருப்பைக் கழற்றினார்.

"எடுக்கட்டுமாம்மா?"

அந்த மைதானத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. என் முதுகில் ஓர் எலும்பு தன் இடத்துக்குப் போனது. சத்தம் எனக்கே கேட்டது.

"எடுங்க டாக்டர்," என்றேன்.

அவர் ஒரு பந்தைப் புல்லில் வைத்துவிட்டு ஏழாம் நம்பர் இரும்பு மட்டையை எடுத்தார். பந்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். மட்டை முதலில் பந்தில் பட்டது. பிறகு தரைக்குள் இறங்கி ஏறியது. பந்து மேலே போனது. டாக்டர் தன் பந்தை அண்ணாந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. மண் துண்டு தோசைபோல மெலிசாகக் கிளம்பி, சுவரைத் தாண்டி, எங்கள் தெருப் பக்கம் இறங்கியது.

"போவுது! ஏ, என்னுது போவுது!" என்று கத்தினார். பிறகு சட்டென்று குனிந்தார். "வலிச்சுதா?"

"இல்ல," என்றது தரை.

நான் குழியை நிரப்பினேன். விதை தூவினேன். செக்ரட்டரி தண்ணீர் தெளித்தார்.

மறுநாள் பலகையை டாக்டரே திருத்தினார். 'கேட்டுப் பெயர்க்கவும்.' ஆடுகிறவர்கள் ஒவ்வொரு அடிக்கும் மண்டிபோட்டுக் கேட்டார்கள். பிறகு என்னைத் தேடி வந்து கேட்டார்கள். ஆட்டம் ரொம்ப மெதுவாகப் போனது. யாரும் குறைசொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் உள்ளறை எழும்பிவிட்டது. இரண்டு சன்னல். தரையில் பச்சைப் புல். லேசாகப் பல் டாக்டரின் கிராம்புத் தைல வாசம் அடித்தது.

ரூபவதி உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினாள். "வாசனை வேறயா? எங்க மாடியில ஆரு வேர்வையோ நாறுது," என்றாள். ஆனால் போகும்போது செண்பகத்துக்கென்று ஒரு தலையணையை வைத்துவிட்டுப் போனாள்.

மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். நான் பையை வாங்கினேன். அறை வாசலில் செருப்பைக் கழற்றினாள். நான் சொல்லித்தரவில்லை. அவளாகவே குனிந்து புல்லைப் பார்த்தாள்.

"வரட்டுமா?" என்றாள்.

"வாங்க," என்றது தரை.

செண்பகம் சிரித்தாள். "எம்மா, என்னையப் போயி மரியாதையாக் கூப்பிடுது."

"மரியாதை இல்லட்டி," என்றேன். "ரெண்டு பேரையும் கூப்பிடுது."