முதலில் வரும் பெயர்

எங்கள் ஊரில் ஒருவர் உயிரோடு இருப்பது அவருக்குப் போடப்படும் வாழ்கவைப் பொறுத்தது. ஒருவர் பெயரை எடுத்துக் கொடுப்பார், கூட்டம் வாழ்க என்று சொல்லும், பெயருக்கு உரியவர் இன்னும் கொஞ்ச காலம் இருப்பார். தலைவர்களுக்கு அது மலைபோல் சேர்ந்துவிடுகிறது. மற்றவர்கள் கல்யாணத்தன்று மணமக்கள் வாழ்க என்று கிடைத்ததை வைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளுகிறார்கள்.

விதி எளிமையானது. வாழ்க, முழக்கத்தில் முதலில் வரும் பெயரைப் பிடித்துக்கொண்டு போகும். அந்தப் பெயருக்கு யார் திரும்பிப் பார்க்கிறாரோ அவர்மேல் இறங்கும். சொந்த வீட்டார் வாயால் சொல்லும் வாழ்க சேராது. அவர்கள் பெயரை எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

நான் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்துக்கு நெடுநாள் தலைவராக இருந்தவன், சன்னாசி. என் படிப்பு முழுக்கத் துண்டறிக்கைகளில் படித்தது. மில் வாசலில் எனக்குப் போட்ட வாழ்கவை நான் இன்னும் செலவழித்து முடிக்கவில்லை. முதலாளிக்கு நாங்கள் போட்ட ஒழிகவும் வீண் போகவில்லை. முதலில் அவர் ஒழிந்தார். ஒழிக கொஞ்சம் மிஞ்சிவிட்டதால் மில்லும் ஒழிந்தது. அதற்கு என்னைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு என் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்களும் அவர்கள்தான்.

வாழ்க தீரப்போகிறவரைக் கண்டுபிடிப்பது சுலபம். முதலில் அவர் கீழே வைக்கும் பொருளின் சத்தம் போகும். அடுத்தது காலடிச் சத்தம். கடைசியில் குரல்.

ஒருநாள் காலையில் என் மனைவி காப்பி டம்ளரை என் முன்னால் வைத்தாள். சத்தம் வரவில்லை. எடுத்து மறுபடி வைக்கச் சொன்னேன். வைத்தாள்.

"எப்போதிருந்து?" என்று கேட்டேன்.

"பொங்கலுக்கு முந்தியே குடத்துச் சத்தம் போயிருச்சு. நீங்க மாநாட்டுத் தீர்மானம் எழுதிக்கிட்டு இருந்தீங்க."

"கூட்டம் போட்டுரலாம். உனக்கு வாழ்க போடச் சொல்றேன்."

"எனக்கா?" சிரித்தாள். "எந்தப் பேரைச் சொல்லுவீங்க?"

வேடிக்கையாகக் கேட்கிறாள் என்று நினைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எல்லாக் கட்சிக்கும் லாரியில் ஆள் ஏற்றி அனுப்புகிற சூசையிடம் போனேன். ஒரு காலத்தில் எங்கள் ஊர்வலத்தில் கொடி பிடித்தவன்.

"உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன் தோழரே. என் ஆளுங்க போடுற வாழ்க பிரியாணி செரிக்கிற வரைக்கும்தான் நிக்கும். அக்காவுக்கு அது பத்துமா? அக்கா கையால கஞ்சி வாங்கிக் குடிச்சவங்களைக் கூப்பிடுங்க. நானும் வர்றேன். லாரி இல்லாம, நடந்து."

"சங்கக் கூட்டத்துக்கே ஒருத்தனும் வர்றதில்லை. இதுக்கு வருவானா?"

"உங்களுக்குத்தான் வர மாட்டாங்க" என்றான்.

வேலைநிறுத்தத்தின்போது நாங்கள் கஞ்சித் தொட்டி நடத்தினோம். அதாவது, நான் முன்னால் நின்று பேசினேன், அவள் பின்னால் அண்டாவில் காய்ச்சினாள். பேச்சு முடிந்ததும் ஊற்றினாள். அத்தனை பேரும் பேச்சைக் கேட்கத் திரண்டார்கள் என்று மறுநாள் துண்டறிக்கையில் எழுதினோம்.

ஞாயிற்றுக்கிழமை மில் வாசலில் கூடினார்கள். நான் நினைத்ததைவிட அதிகம் பேர். எல்லாருக்கும் பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு. நாலு முழக்கத்துக்கு மேல் தாங்காது என்று வரும்போதே சொல்லிவிட்டார்கள்.

என் மனைவி முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். சரளைக் கல்மேல் நடந்து வந்தபோது அவள் காலடிச் சத்தம் கேட்கவில்லை. மேடை இல்லாததால் பழைய கஞ்சி அண்டாவைக் கொண்டுவரச் செய்து, எனக்காகக் கவிழ்த்துப் போட்டிருந்தாள்.

"பாத்து ஏறுங்க, வழுக்கும்" என்றாள். குரல் இழையாக இருந்தது.

ஏறி நின்று கையை உயர்த்தினேன்.

"தோழர் சன்னாசியின் வாழ்க்கைத் துணைவியார், வீராங்கனை விடுதலைச்செல்வி!"

"வாழ்க!"

சங்கத்தின் இலக்கணப்படி அது குறையில்லாத முழக்கம். முதலில் வந்த பெயர் சன்னாசி. பழக்கத்தில் நானே திரும்பிப் பார்த்துவிட்டேன். போன வருடம் விழுந்த கடைவாய்ப் பல் மறுபடி முளைத்தது. நாக்கால் தடவிப் பார்த்தேன். உறுதியாக இருந்தது.

"உங்களுக்கே போட்டுக்கிட்டீங்களே தோழரே" என்றான் சூசை.

"விடுதலைச்செல்வி!" என்றேன்.

"வாழ்க!"

அவள் திரும்பவில்லை. அது எங்கள் திருமண மேடையில் வைத்த பெயர். பழைய பெயரில் சாமி வாடை அடிக்கிறது என்று தலைமை தாங்கியவர் அங்கேயே மாற்றினார். அதுவரை அவளை இயக்கத்தில் ஒரு பெண் தோழர் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். கைதட்டலில் பழைய பெயர் என் காதில் விழவில்லை. புதிய பெயரையும் துண்டறிக்கைக்கு வெளியே யாரும் சொன்னதில்லை. நான் இந்தா என்று கூப்பிடுவேன், அவள் வருவாள்.

வாழ்க இறங்க இடமில்லாமல் நின்றது. சாலையில் கேனுடன் போன பால்காரர், என்ன கூட்டம் என்று திரும்பிப் பார்த்தார். அவர்மேல் இறங்கியது. சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு போனார்.

நூல் சுற்றும் பிரிவில் இருந்த பேச்சி எழுந்தாள். "இவரு யாரோ மகாராணியைக் கூப்பிடுறாரு. எங்களுக்குத் தெரிஞ்சது கஞ்சி அக்காதான். நான் சொல்றேன், சும்மா நில்லுங்க." கையைத் தூக்கினாள். "கஞ்சி அக்கா!"

"வாழ்க!"

மில் வாசலில் அப்படி ஒரு வாழ்கவை நான் கேட்டதில்லை, எனக்குப் போட்டபோதும். அவள் முகம் மலர்ந்து திரும்பினாள். ஆனால் முதலில் வந்த பெயர் கஞ்சி. என் காலடியில் அண்டா திரும்பியது. நான் விழுந்தேன். அது நிமிர்ந்து உட்கார்ந்தது. உள்ளே கொதி வந்தது.

பேச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒண்ணுக்குத்தான் மூச்சு இருக்கு. அவங்க நெசப் பேரைக் கேட்டுச் சொல்லுங்க."

நான் நாற்காலி அருகே போய்க் குனிந்தேன்.

"உன் பேர் என்ன?"

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், புதிதாக வந்தவரிடம் சொல்லப்போவதுபோல. பிறகு சொன்னாள். குரல் போய்விட்டிருந்தது. உதடுகள் இரண்டு முறை ஒட்டிப் பிரிந்ததை மட்டும் பார்த்தேன். மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் இரண்டு முறை. அவளுக்குத் துண்டறிக்கை மடிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. கற்றுக்கொடுக்க இயக்க வேலைகளுக்கு நடுவில் நேரம் அமையவில்லை.

கொஞ்சம் பொறுக்கச் சொல்வதற்காகக் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். அந்தக் கை உயர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு நான்தான் பழக்கியிருந்தேன்.

"வாழ்க!" என்றார்கள்.

பிறகு எல்லாரும் இருமினார்கள்.

பெயரில்லாத வாழ்க எங்கே போகும் என்று எந்தத் துண்டறிக்கையிலும் இல்லை. அது மில் சுவரைத் தாண்டி மேலே போனது. அவள் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சோறு போட்டாள். புதிய பல்லால் மென்று சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்தபோது சுவரில் சாய்ந்தபடி இறந்திருந்தாள். சத்தம் இல்லாததால் எந்த நேரத்தில் என்று தெரியவில்லை. இரங்கல் சுவரொட்டியில் பெயருக்கு இடம் விட்டு அச்சடித்தோம். ஊர் முழுக்க ஒட்டினார்கள்.

அண்டா இப்போது என்னுடன் இருக்கிறது. விடிந்ததும் தானாகக் கொதிக்கிறது. பழைய தொழிலாளிகள் தூக்குவாளியோடு வருகிறார்கள், வாங்கிக்கொள்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கிடைக்கும். நான் வைக்கும் டம்ளர் நன்றாகச் சத்தம் போடுகிறது. இன்னும் நெடுங்காலம் போடும்.

போன மாதம் சங்கத் தேர்தல் நடந்தது. தலைவர் பதவிக்குப் பேச்சி அண்டாவை முன்மொழிந்தாள், சூசை வழிமொழிந்தான். என்னை யாரும் முன்மொழியவில்லை. முழக்கத்தை எடுத்துக் கொடுக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த வேலையை என்னைப் போலச் செய்ய இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. தரையில் நின்று, "அண்டா!" என்று மட்டும் சொன்னேன். அது திரும்பிப் பார்த்தது.

பதவி ஏற்றதும் அதன் மூடி விளிம்பில் இரண்டு முறை ஒட்டிப் பிரிந்தது. அதை ஏற்புரையாக எடுத்துக்கொண்டு கூட்டத்தை முடித்தோம்.