முதல் பதிப்பின் கடைசிப் படி

கற்றறிந்தோர் எழுந்து நிற்க. ஏற்கெனவே நிற்பவர்கள் தலை குனிக. 'தென்பாண்டிப் பாளையங்களில் நீர்வரி' என்னும் அரிய ஆய்வுநூலின் முதல் பதிப்புப் படி ஒன்று தென்காசியில் இன்னும் உயிரோடிருப்பது தெரியவந்துள்ளது.

செய்தி கேட்டு ஆடிப்போனவர் நூலின் ஆசிரியர், ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் காந்திமதிநாதன். ஆனந்தத்தால் அல்ல.

ஐந்தாம் அத்தியாயத்தை எழுதியது அவர் இல்லை. அது அவரிடம் ஆய்வு செய்த பலவேசத்தின் உழைப்பு. பல்கலைக்கழக அச்சகம் நூலை வெளியிட்டபோது பலவேசத்தின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. பையன் சண்டை போடவில்லை. படிப்பை விட்டுவிட்டுப் போலீசில் சேர்ந்தான். சண்டை போட்டிருந்தாலே தேவலை என்று பேராசிரியருக்குப் பிற்பாடுதான் உறைத்தது. இரண்டாம் பதிப்பு என்று பேச்சு வந்ததும் அந்த அத்தியாயத்தைத் தானே புதிதாக எழுதி அச்சகத்துக்கு அனுப்பினார். அன்றுமுதல் முதல் பதிப்பு எந்தப் பழைய புத்தகக் கடையில் அகப்பட்டாலும் வாங்கிவந்து வெந்நீர் அடுப்பில் வைத்தார். அந்த நூலைத் தேடித் தேடி வாங்கிய ஒரே வாசகர் அவர்தான்.

இப்போது குற்றாலத்துப் பண்பாட்டு மன்றம் ஒன்று அவருக்கு 'ஆய்வுப் பெருங்கடல்' பட்டம் கொடுக்கிறது. சிறப்பு விருந்தினர், ஓய்வுபெற்ற டி.எஸ்.பி. பலவேசம்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் போன் வந்தது.

"சார், பலவேசம் பேசுதேன். நல்லாருக்கியளா? நம்ம புஸ்தகம் ஒண்ணு வேணும். மேடையில கொஞ்சம் வாசிக்கலாம்னு. மொதப் பதிப்பு கெடைக்குமா?"

உங்க புஸ்தகம் என்று சொல்லவில்லை. நம்ம.

"அதெல்லாம் இப்ப எங்கப்பா இருக்கு?"

"காலேஜ் லைப்ரரியில ஒண்ணு கெடக்காம் சார். விசாரிச்சிட்டேன்."

பேராசிரியர் ஆட்டோ பிடித்து நூலகத்துக்குப் போனார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் கருமேகம்தான் இருந்தது. நூலகர் உமாராணி இரண்டு படிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று நீல அட்டை, ஒன்று பச்சை.

"இதுல எது சார் மொதப் பதிப்பு? ரெண்டுலயும் அப்படி ஒண்ணும் போடலியே."

அந்த நிலையிலும் பேராசிரியருக்கு வகுப்பெடுக்கும் குரல் வந்துவிட்டது. "போடமாட்டார்கள் அம்மா. அது நம் அச்சகத்தின் மரபு. தலைப்புத் தாளின் பின்பக்கம் பார். வெறும் ஆண்டு மட்டும் இருந்தால் முதல் பதிப்பு. திருத்திய பதிப்பு என்றால்தான் வாயைத் திறந்து சொல்வார்கள்."

"அப்போ வாயத் தொறக்காம இருந்தா அதுதான் ஒரிஜினல்."

பேராசிரியருக்குப் பலவேசத்தின் முகம் ஞாபகம் வந்தது. நீல அட்டையைப் பைக்குள் திணித்தார்.

"பலவேசம் சார் கேட்டிருந்தாங்களே?"

"அவருக்குப் பச்சையக் கொடு. அதுதான் திருத்தினது."

"ஒருக்கா தொறந்து சரிபாத்துக்கிடுங்களேன் சார்."

"நான் எழுதினத நானே பாக்கணுமாக்கும்?"

குற்றாலத்தில் அருவி காவி நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளம், குளிக்கத் தடை. போலீஸ்காரர் விசில் ஊதும்போதெல்லாம் பேராசிரியரின் தோள் குலுங்கியது. சிற்றாற்றுப் பாலத்தில் நின்று நூலைத் தண்ணீரில் போட்டார். அது உடனே மூழ்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் போய்ப் பிறகுதான் மறைந்தது.

மறுநாள் விழா. ஒலிபெருக்கி முன் வந்த பலவேசத்தின் கையில் பச்சை அட்டை இருந்தது. பேராசிரியர் பொன்னாடைக்குள் நிம்மதியாகச் சாய்ந்தார்.

"மொதப் பதிப்ப நேத்துதான் யாரோ எடுத்துட்டுப் போய்ட்டாவளாம். பரவாயில்ல. சாரோட அஞ்சாம் அத்தியாயத்த இதுலருந்தே வாசிக்கேன்." பழுப்பேறிய தாள்கட்டு ஒன்றை மன்றத் தலைவரிடம் நீட்டினார். "முத்துச்செல்வம் அண்ணாச்சி, இது நான் படிச்ச காலத்துல எழுதின ஆய்வேடு. புஸ்தகம் வாரதுக்கு முன்னாடி எழுதினது. நான் வாசிக்க வாசிக்க நீங்க இதுல விரல் வச்சிட்டே வாங்க. எங்கன மாறுதோ அங்கன சொல்லணும், என்ன?"

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு," என்றார் அண்ணாச்சி.

பலவேசம் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அண்ணாச்சியின் விரல் நகர்ந்தது. அடுத்த வரியில் நின்றுவிடும் என்று பேராசிரியர் காத்திருந்தார். நிற்கவில்லை. பக்கம் திரும்பியது. கூட்டத்தில் இருமல் அடங்கியது. இன்னொரு பக்கம். அண்ணாச்சி தலையை மட்டும் நிமிர்த்திப் பேராசிரியரைப் பார்த்தார். விரல் ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டாம் பதிப்பில் அச்சகம் மாற்றியிருந்தது அட்டையையும் தலைப்புத் தாளையும் மட்டும்தான்.